ஓடுகிறவர் மேல் பந்தை எறியாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

நியூயார்க்குக்கு எதிர்க்கரையில், நியூ ஜெர்சியிலுள்ள ஹோபோக்கனில் 11ஆம் தெருவும் வாஷிங்டன் தெருவும் சந்திக்கிற முனையில் நீ எடுத்த படம் கிடைத்தது. "பேஸ்பால் இங்கேதான் பிறந்ததா அப்பா?" என்று கேட்டிருக்கிறாய். பிறந்தது என்று சொல்ல முடியாது. 1744லேயே லண்டனில் அச்சான ஒரு சிறுவர் புத்தகத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. 1839ல் நியூயார்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுனில், பின்னாளில் ராணுவ ஜெனரலான அப்னர் டபுள்டே கண்டுபிடித்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அந்த வருஷம் அவர் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மாணவர்.

நீ நின்ற இடத்தின் பெருமை வேறு. நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கிளப், 1845ல் தான் எழுதிய 20 விதிகளோடு அங்கே ஆடியது. 1846 ஜூன் 19 அன்று 23-1 என்று தோற்கவும் செய்தது. அந்த விதிகளில் 13ஆவதுதான் உயிர்நாடி: பந்தை அடித்துவிட்டு, சதுரத்தின் மூலைகளிலுள்ள பேஸ்களை நோக்கி ஓடுகிறவர் மேல் பந்தை எறியக் கூடாது. அதுவரை பல ஊர்களில் அவரைப் பந்தால் அடித்தாலே அவுட். காயம் படக் கூடாதே என்று பந்து மெத்தென்றே இருந்தது. அப்படிப்பட்ட பந்து, அடித்தாலும் எறிந்தாலும் தூரம் போகாது. எறியத் தடை வந்த பிறகு பந்தைத் தைரியமாக இறுக்க முடிந்தது. நடுவில் ரப்பர், சுற்றிலும் நூல், மேலே தோல். கிளப்பில் ஆடிய டாக்டர் ஆடம்ஸ் தன் கையாலேயே பந்து செய்து கொடுத்தார். பந்து லேசாக இருந்த காலத்தில் வெளிமைதானத்திலிருந்து வரும் எறி பாதியிலேயே விழுந்துவிடும். அதை வாங்கி உள்ளே எறிய நடுவில் நின்றவர்தான் ஷார்ட்ஸ்டாப். பந்து இறுகியதும் அவர் இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே வந்துவிட்டார்.

1857ல் கிளப்புகள் கூடி 9 இன்னிங்ஸ், பேஸுக்கு பேஸ் 90 அடி என்று முடிவு செய்தன. அதற்கு முன், பந்தை அடிக்கிற மூலையான ஹோமிலிருந்து குறுக்காக இரண்டாம் பேஸுக்கு 42 தப்படி என்றுதான் கணக்கு. ஒரு தப்படி மூன்றடி என்றால் பேஸுக்கு பேஸ் 89 அடி, இரண்டரை அடி என்றால் 74தான். ஆளுக்கு ஆள் மைதானமே மாறிவிடும்.

பிறகு அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் முகாம் முகாமாக ஆடினார்கள். ஹென்றி சாட்விக் பத்திரிகைகளில் ஸ்கோர் அட்டவணை போட்டதால் மைதானத்துக்கு வராதவர்களும் ஆட்டத்தைப் பின்தொடர்ந்தார்கள். 1869ல் சின்சினாட்டி அணி தன் ஆட்டக்காரர் எல்லோருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து, புது ரயில் பாதையில் சான்பிரான்சிஸ்கோ வரை போய், அந்த வருஷம் தோற்காமல் திரும்பியது.

மேட்ச் பார்க்கப் போனால் முதல் பேஸ் பக்கம் டிக்கெட் எடு. ஷார்ட்ஸ்டாப் பந்தை எறிந்ததும் அதன் பின்னால் பார்வையை ஓட்டாதே. அம்பயர் செய்வதுபோல ஓடுகிறவர் கால் பேஸைத் தொடுவதைப் பார், பந்து கையுறையில் விழும் சத்தத்தைக் காதால் பிடி. எது முந்தியது என்று கவனித்தால் 90 அடியின் அருமை தெரியும்.

அன்புடன்,
அப்பா