செல் செத்துப்போச்சு

அன்பு மகள் மீனாவுக்கு,

நேற்று போனில் "செல்லெல்லாம் செத்துப்போச்சு ஆத்தா" என்றாய். அதற்கு மேல் பேச்சில்லை. அப்பத்தா காதில் அது விழுந்து, "போனா போகுது, கடையில கொடுத்தா சரிபண்ணித் தருவான்ல" என்றார்கள். அது போன் இல்லை, நீ ஆய்வகத்தில் வளர்க்கும் உயிரணு என்று விளக்கப் போய் ஒரு வகுப்பே எடுத்துவிட்டேன். கெமிஸ்ட்ரி டீச்சர் ரிட்டயர் ஆனாலும் வாய் ஆகவில்லை. தப்பிருந்தால் திருத்து.

நோய்க்கு மருந்தாக ஒரு ஜீனை, அதாவது மரபணுவை, செல்லுக்குள் அனுப்ப வேண்டும். வைரஸுக்கு அந்த வித்தை பிறவியிலேயே உண்டு, ஆனால் உடம்பு அதை எதிரியாகப் பார்த்துவிட்டால் ஆபத்து. 1999-இல் அமெரிக்காவில் அப்படி வைரஸ் வழியாக ஜீன் செலுத்திய நான்காம் நாளே ஜெஸ்ஸி கெல்சிங்கர் இறந்துபோனான், 18 வயது. அதைச் சொன்னதும் அப்பத்தா, "பெத்தவ எப்படித் தாங்குனாளோ" என்று முந்தானையை எடுத்தார்கள்.

அதனால்தான் உங்கள் பேத்தி வைரஸ் இல்லாமல், பாலிமர் என்ற நீளச் சங்கிலி மூலக்கூறில் ஜீனைக் கட்டி அனுப்பப் பார்க்கிறாள் என்றேன். ஜீன் இருக்கும் டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்சுமை, பாலிஎத்திலீன் இமீன் என்ற அந்தப் பாலிமருக்கு நேர்மின்சுமை. இரண்டும் சுருண்டு நுண்ணுருண்டை ஆகிவிடும். செல் அதை ஒரு பைக்குள் விழுங்கும். பை புளிக்கப் புளிக்க பாலிமர் புரோட்டானை இழுக்கும், பின்னாலேயே குளோரைடும் தண்ணீரும் வரும், பை உப்பி வெடிக்கும். "ஊறுன உளுந்து மாதிரி" என்றார்கள் அப்பத்தா. இத்தனை வருஷம் பாடம் நடத்தி எனக்கு அது தோன்றவில்லை! பை நிஜமாகவே வெடிக்கிறதா என்று 1995-இலிருந்து உங்கள் துறை ஆட்களே சண்டை போடுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

உன் செல்கள் செத்ததற்கு உன் கை காரணம் என்று நான் நினைக்கவில்லை. டி.என்.ஏ.வைப் பிடிக்கும் அதே மின்சுமைதான் செல்லின் சவ்வையும் கிழிக்கிறது. 25 கிலோடால்டன் எடையுள்ள பெரிய பாலிமர் சங்கிலி ஜீனை நன்றாகச் சுமக்கும், நன்றாகக் கொல்லும். குட்டைச் சங்கிலி சாது, சுமக்கத்தான் மாட்டேன் என்கிறது. கைட்டோசான் என்ற வேறு பாலிமர் பக்கம் போகலாமே? நாம் உரித்துக் குப்பையில் போடும் இறால் ஓட்டிலிருந்து எடுப்பதுதான். ரத்தத்தின் பி.ஹெச்.சில் சரியாகக் கரையாது என்பாய், தெரியும்.

அந்த நுண்ணுருண்டை மேலே பி.இ.ஜி. (பாலிஎத்திலீன் கிளைகால்) என்ற இன்னொரு பாலிமரைப் பூசினால் ரத்தத்தில் புரதம் வந்து அப்பாது என்று நீ சொன்னதையும் சொன்னேன். நம் வளவுச் சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்பை அப்பத்தா தடவிப் பார்த்தார்கள். "ஒண்ணும் ஒட்டாதுன்னா செல்லுலயும் ஒட்டாதேடி?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீயே அவர்களிடம் சொல்.

பெரியப்பா மகன் அடுத்த வாரம் அங்கே வருகிறான். மாவுருண்டையும் கைமுறுக்கும் கொடுத்தனுப்புகிறேன். மாவுருண்டை நெய் போட்டது, ஃப்ரிட்ஜில் வைக்காதே.

ஆத்தா
காரைக்குடி