கொசஸ்தலைக்குக் கரை இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பக்கங்களில், பிரான்சு நாட்டின் லுவார் ஆற்றங்கரையில் சைக்கிளில் சுற்றுலா செல்வது பற்றி வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். படங்கள் அழகாக இருந்தன. நடையும் குறை சொல்லும்படி இல்லை. ஆனால் கட்டுரையாளர் முடிக்கும் தறுவாயில், சைக்கிளில் போய்ப் பார்க்கும்படியான பழமை வாய்ந்த ஆற்றங்கரையும் நம் பக்கத்தில் கிடையாது, அப்படிப் போகும் பழக்கமும் நம் மக்களுக்குக் கிடையாது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரி தங்கள் கண்ணில் படாமல் அச்சேறியிருக்காது. திருவொற்றியூரில் பிறந்து, இங்கேயே ஒரு தொழிற்சாலையில் காலமெல்லாம் சைக்கிளில் வேலைக்குப் போய் ஓய்வு பெற்றவன் நான். எண்ணூரில் கடலில் சேரும் கொசஸ்தலை ஆறு எங்கள் பக்கத்திலேயே இருக்கும்போது, அந்த வரியைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்ப எனக்கு மனம் வரவில்லை.

கட்டுரையாளர் போன ஊருக்கு நானும் போயிருக்கிறேன். என் மகள் அங்கே தூர் நகரில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கச் சென்றிருந்தபோது, வாடகைக்கு இரண்டு சைக்கிள்களை எடுத்துக்கொண்டு வில்லாந்திரி மாளிகைத் தோட்டம் வரை போய் வந்தோம். அந்தப் பகுதியில் பாதை லுவாரை விட்டு விலகி, அதன் துணை ஆறான ஷேர் ஆற்றின் கரையோடு செல்கிறது என்பதைக் கட்டுரையாளர் கவனிக்கவில்லை. படத்தின் கீழும் லுவார் என்றே போட்டிருக்கிறீர்கள். குஃபி என்ற ஊரிலிருந்து அட்லாண்டிக் கடல் வரை ஏறத்தாழ 900 கி.மீ. நீளும் அந்தப் பாதை முழுவதிலும் மோட்டார் வாகனமே கிடையாது என்று அவர் எழுதியிருப்பதும் சரியல்ல. வெள்ளத்தைத் தடுக்க இடைக்காலம் தொட்டு எழுப்பப்பட்ட கரைகளின் மேல் தனிப் பாதையாகப் போவது ஒரு பகுதி. கிராமத்துக்காரர்களின் காரும் டிராக்டரும் எப்போதாவது வந்து போகும் சிறு சாலைகளில் போவது இன்னொரு பகுதி. பாதை சாலையில் சேரும் இடத்தில் இரண்டு மரக் கட்டைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். சைக்கிளின் ஹேண்டில்பார் நுழையும் அளவுக்குத்தான் நடுவில் இடம் இருக்கிறது; கார் நுழைய முடியாது. அதன் அருகில் பச்சை நிறத்தில் ஒரு சிறு வழிகாட்டிப் பலகை. நான் பார்த்த வரையில் அங்கே செய்திருக்கும் பெரிய பொறியியல் வேலை அவ்வளவுதான். அந்தக் கட்டைகளை நான் சற்று நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாளிகையைப் பார்க்க வந்தவர் கட்டையைப் பார்க்கிறாரே என்று மகள் சிரித்தாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லுவார் பள்ளத்தாக்கில் 280 கி.மீ. நீளப் பகுதியை யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததைக் கட்டுரை சொல்கிறது. லியோனார்டோ டா வின்சி 1519இல் அம்புவாசில் உயிர் நீத்ததையும் சொல்கிறது. அதே ஆற்றங்கரையில் பெல்வீல், தாம்பியேர், சேன்-லோரான், ஷினோன் என்று நான்கு அணுமின் நிலையங்கள் இருப்பதைச் சொல்லவில்லை. ஒருவேளை புகைப்படக்காரர் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவில்லையோ என்னவோ. மன்னர்களின் மாளிகைகளுக்கும் குளிரூட்டும் கோபுரங்களுக்கும் இடையிலேயே அந்த மக்கள் ஆற்றங்கரையில் சைக்கிள் மிதிக்கிறார்கள். மின் நிலையம் வந்துவிட்டதால் ஆறு செத்தது என்று கணக்கை முடித்துவிடவில்லை. அனல்மின் நிலையங்கள் வந்த எங்கள் எண்ணூருக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கு?

பழக்கம் பற்றிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன். வடசென்னையில் சைக்கிள் மிதிக்கும் பழக்கம் இல்லை என்று எழுதுகிறவர், காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதும் நேரத்தில் ஒருநாளேனும் எர்ணாவூர்ப் பக்கம் நின்றிருக்க மாட்டார். கேரியரில் தூக்குச் சட்டி, கால்சட்டையின் ஓரத்தில் கிளிப், முன்னே டைனமோ விளக்கு என்று சாலையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை சைக்கிளாகப் போன காலம் ஒன்று இருந்தது. விளக்கு இல்லாமல் போனாலோ டபுள்ஸ் போனாலோ போலீஸ்காரர் பிடித்து நிறுத்துவார். சைக்கிளுக்கு வரி கட்டிப் பில்லை வாங்கி மாட்டியவர்கள் நாங்கள். பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. எங்களைச் சாலையை விட்டு விரட்டினார்கள். இன்று எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றின் இடப்புறத்தில் மண்ணும் சரளையும் படிந்த ஒரு முழ அகலம்தான் சைக்கிள்காரருக்கு. அந்த மண்ணில் முன்சக்கரம் வழுக்கினால் வலப்பக்கம்தான் சாய வேண்டும்; வலப்பக்கத்தில் டிரெய்லரின் பின்சக்கரங்கள். என் பழைய சைக்கிளை நான் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நிறுத்தியிருப்பது மிதிக்கத் தெரியாததால் அல்ல. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று சென்னை மாநகராட்சி 2014இல் ஒரு கொள்கையே வகுத்தது. அதை அன்று பாராட்டித் தாங்களும் எழுதினீர்கள். அந்தக் கொள்கை இன்னும் பேசின் பிரிட்ஜைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து சேரவில்லை.

அடுத்து, பழமை. கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தைத் தாங்கள் அறியாதவர் அல்லர். புவியியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். பிறகு தொல்லியலாளர் சாந்தி பப்பு அவர்களின் குழு நடத்திய அகழாய்வில், அங்குள்ள கருவிகள் 15 லட்சம் ஆண்டு வரை பழமையானவை என்று 2011இல் உலகத்துக்குத் தெரிந்தது. அவற்றைப் பார்ப்பதற்குப் பூண்டியில் ஓர் அகழ்வைப்பகமும் இருக்கிறது. பூண்டி ஏரி 1944இல் அதே ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டது. இந்த நகரம் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே நம்மிடம் ஆறு எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். ஆறு தாமரைப்பாக்கம் அணையைக் கடந்து, வல்லூர் அணையையும் கடந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. அதற்கு வடக்கே ஆரணி ஆறு; அதன் முகத்தில் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கோட்டை கட்டினார்கள். கோட்டை அழிந்துவிட்டாலும், வாயில் தூண்களில் எலும்புக்கூடு செதுக்கிய அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. எண்ணூர் வரை 1806இல் வெட்டப்பட்டு, 1877-78 பஞ்ச நிவாரண வேலைக்குப் பின் பக்கிங்ஹாம் பெயர் பெற்ற கால்வாயும் இந்தப் பக்கத்தில்தான் போகிறது. ஶ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து சவுக்கு விறகை ஏற்றிக்கொண்டு படகுகள் சென்னைக்கு வந்த வழி அது. காற்று இல்லாத நேரத்தில் ஆட்கள் கரையில் நடந்து படகைக் கயிறு கட்டி இழுத்தார்கள். ஐரோப்பாவில் படகு இழுத்த கரைகளையெல்லாம் சைக்கிள் பாதையாக்கிப் பயணப் பக்கங்களுக்குப் படம் கொடுக்கிறார்கள். எங்கள் கால்வாய்க் கரையில் குப்பைதான் கொட்டுகிறார்கள்.

கொசஸ்தலையின் கீழ்ப்பகுதியில் இன்று யாரும் சுற்றுலா போக முடியும் என்று நான் வாதிடவில்லை. முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருப்பதும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து வந்ததும் ஊரறிந்தது. அந்த எண்ணெயை மீனவர்கள் வாளியில் மொண்டு அள்ளிய படத்தைத் தங்கள் இதழும் வெளியிட்டது. அந்தப் படத்தில்கூட ஆற்றின் பெயரைக் கூவம் என்று போட்டிருந்தீர்கள். அன்றும் எழுதினேன், கடிதம் வெளிவரவில்லை. அதற்கும் முன்பு பழவேற்காட்டைப் பற்றி எழுதியபோது, எப்படிப் போவது என்ற கட்டத்தில் சொந்தக் கார் இருந்தால் நல்லது என்று மட்டும் அச்சிட்டிருந்தீர்கள். பொன்னேரிக்கு மின்சார ரயில் போகிறது, அங்கிருந்து பேருந்து இருக்கிறது என்று எழுதியதற்கும் பதில் இல்லை. எங்கள் பகுதி தங்கள் இதழில் இடம்பெற வேண்டுமானால் வெள்ளம் வர வேண்டும், அல்லது கத்திக்குத்து நடக்க வேண்டும் போலும். ஆறும் ஏரியும் கோட்டையும் பயணப் பக்கத்துக்கு உரியவை. அவற்றைச் செய்திப் பக்கத்தின் அடி மூலையில் போட்டுவிட்டு, பயணப் பக்கத்துக்கு மட்டும் விமானம் ஏறுகிறீர்கள்.

பிரான்சுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோடையில் ஆர்லியானுக்கும் நாந்துக்கும் இடையே ஓடும் ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொள்ளத் தனி இடம் ஒதுக்குகிறார்கள் என்ற விவரத்தையும் அடுத்த முறை சேர்த்துக்கொள்ளுங்கள், போகிறவர்களுக்குப் பயன்படும்.

நான் கேட்பது இவ்வளவுதான். படத்தின் கீழ் இருந்த ஆற்றின் பெயருக்கும், வாகனமே இல்லாத 900 கி.மீ. என்பதற்கும் அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். வரும் இதழ்களில் ஏதேனும் ஒன்றின் பயணப் பக்கத்தில், திருவள்ளூர் ரயில் நிலையத்தில் இறங்கிப் பூண்டிக்கும் அத்திரம்பாக்கத்துக்கும் போகும் வழியை ஒரு சிறு வரைபடத்துடன் அரைப் பக்கம் போடுங்கள். கட்டுரையாளருக்கு நேரமும் விருப்பமும் இருந்தால், அந்த வழியில் சைக்கிளில் கூட வர நான் தயார். சைக்கிளுக்குக் காற்றடித்து எண்ணெய் போட்டால் போதும்.

இக்கடிதம் நீண்டுவிட்டது என்று தாங்கள் கருதிச் சுருக்குவதாக இருந்தால், லுவார் பற்றிய பத்திகளை வெட்டுங்கள். கொசஸ்தலையை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருவொற்றியூர், சென்னை.