கருந்துளை சரி, கருகல் நோய் தப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2014-ல் வந்த 'இன்டர்ஸ்டெல்லார்' என்ற ஆங்கில விண்வெளிப் படத்தை 2025 பிப்ரவரியில் மறுபடி தியேட்டர்களில் விட்டபோது, கல்லூரியில் படிக்கும் என் மகன் விடாமல் கேட்டு என்னைக் கோயம்புத்தூர் வரை அழைத்துப் போனான். அப்புறம் வீட்டிலும் இரண்டு தடவை பார்த்துவிட்டேன். அறிவியல் படம் என்றால் இதுதான் என்று பார்த்தவர்களெல்லாம் சொல்கிறார்கள். நான் ஊட்டி பக்கம் முத்தோரை பாலாடாவில் முப்பது வருடமாக உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிறவன். எனக்கு அந்தப் பேச்சில் முழு சம்மதம் இல்லை.

வானத்து விஷயத்தில் நான் வாதம் செய்யவில்லை. ஒளியைக்கூட வெளியே விடாமல் இழுத்துக்கொள்கிற கருந்துளைக்குப் பக்கத்துக் கிரகத்தில் ஒரு மணி நேரம் இருந்தால் பூமியில் ஏழு வருடம் ஓடிவிடும் என்கிறார்கள். முதலில் நம்பவில்லை, மகன் உட்கார வைத்து விளக்கினான். கிப் தோர்ன் என்ற இயற்பியலாளர் கூடவே இருந்து சமன்பாடுகள் எழுதிக் கொடுத்திருக்கிறார், 2017-ல் ஈர்ப்பலை ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு வாங்கியவர்களில் அவரும் ஒருவர். சரி, ஒத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தக் கதையில் மனிதர்கள் பூமியை விட்டே கிளம்புவது எதனால்? பயிர் நோயால். கோதுமை போய்விட்டது, வெண்டைக்காய்க்கு இதுதான் கடைசி அறுவடை, மிச்சம் இருப்பது மக்காச்சோளம், அதுவும் போகப்போகிறது. அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழிந்தது போல, அமெரிக்கத் தூசிப்புயல் காலத்தில் கோதுமை அழிந்தது போல இதுவும் அழியும் என்று ஒரு பேராசிரியர் சொல்லும்போது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் 1845-ல் அயர்லாந்துக்கு வந்த நோய்தான் எங்கள் கார்போகத்துக்கு ஆடி மாத மூடுபனியோடு வருகிறது. பின்பருவ இலைக்கருகல் என்று புத்தகத்தில் போடுவார்கள், நாங்கள் கருகல் என்போம். சாயங்காலம் இலை ஓரத்தில் வெந்நீர் பட்டது போல ஒரு பொட்டு இருக்கும். விடிந்ததும் இலையைத் திருப்பிப் பார்த்தால் பொட்டைச் சுற்றி வெள்ளையாக மெல்லிய பூஞ்சணம் படர்ந்திருக்கும். பனி விலகாமல் மருந்து அடிக்க முடியாமல் போனால் நாலைந்து நாளில் வயலே கறுத்து, மேட்டு ரோட்டில் நின்றாலே அழுகல் வாடை வரும்.

அவ்வளவு பொல்லாத நோய், பக்கத்துப் பாத்தியில் நிற்கிற கேரட்டையோ பூண்டையோ தொடாது. உருளைக்கிழங்கு, தக்காளி, அந்த இனத்துச் செடிகள், அதோடு சரி. ஒரு பயிரை அடியோடு அழிக்கிற கிருமி பெரும்பாலும் அந்தப் பயிருக்கென்றே பழகினது. கோதுமையையும் வெண்டையையும் மக்காச்சோளத்தையும் வரிசையாக ஒழித்துக்கட்டுகிற ஒன்றை நான் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. இதைத் தோர்னே உயிரியல் அறிஞர்களிடம் கேட்டிருக்கிறார், நடப்பது ரொம்ப அரிது என்று அவர்களும் சொன்னதைப் பின்னாளில் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அந்தத் தூசிப்புயல் உதாரணமும் பொருந்தாது. 1930-களில் அங்கே கோதுமை போனது நோயால் அல்ல, மழை பொய்த்ததாலும் புல்வெளியை ஒட்ட உழுதுவிட்டதால் மண் காற்றில் பறந்ததாலும்.

இன்னொன்று, அந்தக் கிருமி காற்றில் உள்ள நைட்ரஜனைச் சுவாசிக்கிறதாம், அதனால் ஆக்சிஜன் குறைந்து மனிதர்கள் மூச்சுத் திணறிச் சாவார்களாம். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். நைட்ரஜனை எடுத்தால் ஆக்சிஜன் ஏன் குறைய வேண்டும்? காற்று நைட்ரஜனை எடுத்துக்கொள்கிற நுண்ணுயிர் எங்கள் வயலிலேயே இருக்கிறது. ஒரு பட்டாணிச் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், சின்னச் சின்ன முடிச்சு இருக்கும், நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அதனால்தான் பட்டாணி போட்ட மண் அடுத்த பயிருக்கு உரமாகிறது.

கருந்துளைக்கு அத்தனை கணக்குப் போட்டவர்கள், படத்துக்காக கனடாவில் நிஜமாகவே 500 ஏக்கர் மக்காச்சோளம் விதைத்தவர்கள், நோயைப் பற்றி மட்டும் இரண்டு நிமிடம் பேசிவிட்டு ராக்கெட்டுக்குப் போய்விடுகிறார்கள். மனிதர்களைக் காப்பாற்ற ஈர்ப்புவிசைச் சமன்பாட்டுக்கு விடை தேடுகிறாள் கதாநாயகனின் மகள். நோயைத் தாங்கும் விதை தேடுகிறவர் என்று ஒருவர் கூடக் கதையில் முக்கியமில்லை. கடைசியில் விண்வெளியில் பெரிய உருளைக்குள் குடியேறிவிடுகிறார்கள், பூமியில் கதாநாயகன் வாழ்ந்த பண்ணை வீடும் அங்கே இருக்கிறது. நோய் மட்டும் எப்படிப் பின்தங்கியது? விதையோடும் மண்ணோடும் செருப்பில் ஒட்டிய சேற்றோடும் அதுவும் ஏறியிருக்காதா?

இதை நாங்கள் கேட்காமல் வேறு யார் கேட்பது? 1961-ல் நீலகிரியில் உருளைக்கிழங்குத் தங்க நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். வேரில் மஞ்சள் மணி போல ஒட்டியிருக்கும், கடுகைவிடச் சின்னது. ஒரு கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை, மண்ணில் இருபது வருடம் கூட உயிரோடு கிடக்கும். அதற்காகத்தான் இங்கிருந்து விதைக்கிழங்கு வெளி மாநிலம் போகத் தடை வந்தது. கிழங்கில் ஒட்டிய ஒரு பிடி மண்ணுக்கு இவ்வளவு பயம்.

முத்தோரைக்கு வந்தால் சரிவில் ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்கலாம், 530 மீட்டர் நீளம், 1970-லிருந்து வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அது பெருமை, எனக்கும்தான். அதே முத்தோரையில்தான் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. 1968-ல் வந்த குப்ரி ஜோதி என்ற உருளைக்கிழங்கு ரகம் முதலில் கருகலைத் தாங்கியது. கிருமி தன்னை மாற்றிக்கொண்டதும் அந்தத் தாங்கும் சக்தி குறைந்தது. அப்புறம் கருகலையும் நூற்புழுவையும் சேர்த்துத் தாங்குவதற்கென்று குப்ரி சுவர்ணா வந்தது. கிருமி மாற மாற இவர்கள் ரகம் மாற்றுகிறார்கள், இதற்கு முடிவே இல்லை. இந்தத் துரத்தல் ஒரு படத்துக்குப் போதாதா?

படம் முடிந்து மலை ஏறும்போது பஸ்ஸில் மகன் சொன்னான், விவசாயத்தில் என்னப்பா அறிவியல் இருக்கிறது என்று. அந்த வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. உங்கள் அறிவியல் பக்கத்தில் இந்த மாதிரிப் படங்களைப் பற்றி வானியலாளர்களிடம் கருத்துக் கேட்டுப் போடுகிறீர்கள். அடுத்த தடவை பயிர் நோய் ஆராய்கிற ஒருவரையும் கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் உருளைக்கிழங்கு விவசாயி,
முத்தோரை பாலாடா, நீலகிரி.