பள்ளி முதல்வர் பயிற்சிப் பட்டயம்: பாடக்குறிப்பில் சட்டப் பிழைகள், நடக்காத களப்பயிற்சி

அனுப்புநர்:
பள்ளி நிர்வாக முதுநிலைப் பட்டயத்தின் வார இறுதிப் பிரிவில் படிக்கும் ஆசிரியர்கள்

பெறுநர்:
மேலாளர், பாடத்திட்டப் பிரிவு

பொருள்: பாடக்குறிப்புகளைத் திருத்துதல், களப்பயிற்சி அளித்தல், கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருதல் தொடர்பாக

ஐயா / அம்மா,

உங்கள் பயிற்சியின் பாடக்குறிப்புகளில் சட்டத்துக்கு நேர்மாறான செய்திகள் இருக்கின்றன. விளம்பரத்தில் சொன்ன களப்பயிற்சி நடக்கவே இல்லை. ஒருங்கிணைப்பாளரிடம் நேரில் சொன்னபோது, கருத்துப் படிவத்தில் எழுதச் சொன்னார். அந்தப் படிவத்தில் ஐந்து நட்சத்திரங்களைத் தவிர எழுத இடமே இல்லை. ஆகவே இந்தக் கடிதம்.

முதலில் திருத்த வேண்டியது குழந்தைப் பாதுகாப்புப் பாடம். மற்ற பிழைகள் பள்ளிக்குத் தலைவலியோடு போகும். இது முதல்வரைச் சிறைக்கு அனுப்பும், குழந்தையையும் கைவிடும். ஆசிரியர் மீது மாணவி பாலியல் புகார் சொன்னால் உள் புகார்க் குழு விசாரிக்க வேண்டும், புகார் உண்மை என்று தெரிந்த பிறகு காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. இரண்டு சட்டங்களைப் போட்டுக் குழப்பியிருக்கிறீர்கள். உள் புகார்க் குழு என்பது பணியிடத்தில் பெண்கள் தரும் பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைப்பது. விசாரணைக்கு 90 நாள் அவகாசமும் அதற்கு உண்டு.

18 வயது நிறையாத மாணவர் என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் வந்துவிடுகிறது. குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தாக வேண்டும் என்கிறது அதன் 19-ஆவது பிரிவு. உண்மையா என்று பள்ளி முதலில் சோதிக்கும் கட்டம் எதுவும் சட்டத்தில் இல்லை. தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் தெரிவிக்காமல் விட்டால், 21(2)-இன்படி ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

உள்விசாரணையால் வரும் கேடு வேறு. குழந்தை வகுப்பாசிரியரிடம் ஒரு முறை, முதல்வரிடம் ஒரு முறை, குழுவிடம் ஒரு முறை என்று சொன்னதையே திரும்பச் சொல்ல நேரும். ஒவ்வொரு முறையும் சொற்கள் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தைத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்வார். அதற்குள் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் தகவல் போய்விடும். முதல்வர் செய்ய வேண்டியது குறைவுதான். குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே தேதி, நேரத்துடன் குறித்துக்கொள்ளுங்கள். "அவர்தானே? அங்கேதானே?" என்று தூண்டிக் கேட்காதீர்கள். குற்றஞ்சாட்டப்பட்டவரை எதிரே நிறுத்தாதீர்கள். பெயர் வெளியே போகாமல் காத்து, காவல்துறைக்குத் தெரிவியுங்கள். குழந்தைக்கு உதவ 1098 என்ற தொலைபேசி உதவி எண் இருக்கிறது. இதில் ஒரு வரிகூட உங்கள் குறிப்பில் இல்லை. போதாததற்கு, இறுதித் தேர்வில் உள்விசாரணையை முதலில் எழுதியவருக்குத்தான் முழு மதிப்பெண்!

அடுத்தது கால அட்டவணைப் பாடம். மொத்தப் பாடவேளையை ஆசிரியரின் வாரப் பாடவேளையால் வகுத்தால் தேவையான ஆசிரியர் எண்ணிக்கை வரும் என்கிறீர்கள். 10 வகுப்புப் பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் வாரம் 40 பாடவேளை, ஆசிரியருக்கு 28 என்ற உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 400-ஐ 28-ஆல் வகுத்தால் 15 பேர் போதும் என்று வருகிறது. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல் தலா 7, சமூக அறிவியல் 6 என்று பாடவாரியாகப் பிரித்துப் பாருங்கள். முதல் நான்குக்கும் தலா 70 பாடவேளை, அதாவது மும்மூன்று பேர். சமூக அறிவியலின் 60-க்கும் மூன்று பேர். ஐந்து பாடங்களுக்கே 15 பேரும் தீர்ந்துவிட, கணினிக்கும் உடற்கல்விக்கும் ஓவியத்துக்கும் நூலகத்துக்கும் ஆள் கிடையாது. இந்தக் கணக்கை நம்பி ஆள் எடுத்த பள்ளியில், ஜூன் மாதத்திலேயே கணித ஆசிரியர் ஓவிய வகுப்பில் உட்கார்ந்திருப்பார். அட்டவணை போடும் வரிசையும் தலைகீழ். ஆய்வகம், மைதானம், பகுதிநேர ஆசிரியர் என்று நகர்த்த முடியாதவற்றை முதலில் கட்டங்களில் வைத்த பிறகுதான் மற்றப் பாடங்களை நிரப்ப வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டம் (2009) பற்றிய பாடத்தில், எல்லா வகுப்புக்கும் 220 வேலை நாள் என்று இருக்கிறது. 1 முதல் 5 வரை 200 நாள், 800 மணி. 6 முதல் 8 வரைதான் 220 நாள், 1000 மணி. எல்லாப் பள்ளியும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்பதும் தவறு: அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு 21-ஆவது பிரிவிலேயே விலக்கு உண்டு. இதைவிட மோசம், சேர்க்கை உத்திப் பாடம். முதல் வகுப்பில் சேர்க்கும் முன் குழந்தையையும் பெற்றோரையும் நேர்காணல் செய்து "தகுந்த குடும்பங்களை" தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. 13-ஆவது பிரிவு தடுப்பதே இதைத்தான். முதல் முறை 25,000 ரூபாய் வரை, பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம். கட்டணத்தை அக்கம்பக்கத்துப் பள்ளிகளைப் பார்த்து ஆண்டுதோறும் உயர்த்தலாம் என்ற பாடமும் அப்படியே. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குழு இருப்பது அந்தப் பாடத்தை எழுதியவருக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை.

விளம்பரத்தில் 120 மணி நேரக் களப்பயிற்சி. கிடைத்தது ஒரு பள்ளியைச் சுற்றிக் காட்டும் காணொளி. காலை வழிபாட்டுக்கு முன் வராத ஆசிரியர்களைக் கணக்கெடுத்து மாற்று ஆள் போடுவது, சேர்க்கைப் பதிவேட்டையும் மாற்றுச் சான்றிதழையும் ஒத்துப் பார்ப்பது, வகுப்பைக் கவனித்து அன்றே அந்த ஆசிரியரிடம் முகம் சுளிக்காமல் பேசுவது ஆகியவற்றைக் காணொளியில் கற்க முடியாது. இதற்காகத்தான் பலர் சேர்ந்தோம்.

சான்றிதழ் பற்றியும் ஒரு கேள்வி. விளம்பரத்தில் பல்கலைக்கழக முத்திரை. கையில் வந்த மாதிரிச் சான்றிதழில் உங்கள் பெயர் மட்டும். தொலைதூர, இணையவழிப் படிப்புகளை வேறு நிறுவனத்திடம் கிளை உரிமையாக விட 2020-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) விதிமுறைகள் இடம் தருவதில்லை. எங்கள் சேர்க்கைப் பருவத்துக்கு யூஜிசி தந்த அனுமதிக் கடிதம் இருந்தால் நகல் அனுப்புங்கள். அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் பதவிக்கு இந்தச் சான்றிதழ் "நேரடித் தகுதி" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அது பணிமூப்பும் துறைத் தேர்வும் பார்த்து வரும் பதவி.

15 நாளுக்குள் செய்ய வேண்டியவை: குழந்தைப் பாதுகாப்புப் பாடத்தை உடனே நிறுத்தி, முந்தைய பிரிவுகளில் படித்து முடித்தவர்களுக்கும் திருத்தக் குறிப்பு அனுப்புதல், அந்தக் கேள்விக்குரிய விடைத்தாள்களை மறுபடி திருத்துதல், களப்பயிற்சிக்குப் பள்ளியும் வழிகாட்டும் முதல்வரும் ஏற்பாடு செய்தல், இல்லையென்றால் அதற்கென ரசீதில் தனியாகக் காட்டியுள்ள தொகையைத் திருப்பித் தருதல். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்து, விளம்பரத்தையும் இணைப்போம்.

இப்படிக்கு,
வார இறுதிப் பிரிவு ஆசிரியர்கள்

இணைப்பு: விளம்பரத் தாள், கட்டண ரசீது, குறையுள்ள பாடப் பக்கங்களின் நகல், தேர்வு விடைக்குறிப்பு, மாதிரிச் சான்றிதழ்