காலி எடையைப் பார்த்து மடக்கு கேரவன் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் சுற்றுலா வண்டிகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போய், நிறுத்திய இடத்தில் விரித்துத் தங்கும் மடக்கு கேரவனுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியதே பெரிய சந்தோஷம், தமிழில் இதைப் பற்றி அதிகம் யாரும் எழுதுவதில்லை. ஆனால் அட்டவணையில் ஒவ்வொரு வண்டிக்கும் காலி எடையை மட்டும்தான் போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்து, நம்ம கார் இதை இழுத்துவிடும் என்று யாராவது முன்பணம் கட்டிவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது. ஏனென்றால் நானும் என் மனைவியும் முதல் கேரவனை அப்படித்தான் வாங்கினோம்.

காலி எடை 600 கிலோ, சாமானோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடை 750 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாமானுக்கு மிஞ்சுவது 150 கிலோ. தாராளமாகத்தான் தெரியும். ஆனால் 40 லிட்டர் தண்ணீர் என்றால் அதுவே 40 கிலோ, பேட்டரி 20 கிலோ சுலபமாக வரும், அப்புறம் கேஸ் சிலிண்டர், பக்கவாட்டில் கட்டும் கூடாரம், நாற்காலி, மேசை, பாத்திரம், போர்வை, ஆளுக்கொரு துணிப்பை என்று போய்க்கொண்டே இருக்கும். முதல் பயணம் முடிந்து எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது எங்கள் வண்டி அனுமதித்ததைவிட 60 கிலோ கூடுதல். கனமான சாமானைக் காருக்குள் மாற்றி, தண்ணீரைப் போய்ச் சேர்ந்த இடத்தில் பிடித்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் கணக்கு சரியானது.

ஐரோப்பாவில் அனுமதித்த மொத்த எடை 750 கிலோவுக்கு மேல் போனால் பின்னால் இழுக்கப்படும் வண்டிக்கே தனி பிரேக் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குக் கீழே இருந்தாலும் பிரேக் உள்ளதையே வாங்குங்கள் என்பேன், இறக்கத்தில் அதன் அருமை தெரியும். புதிதாக இழுப்பவர்களுக்கு பிரிட்டனில் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: சாமான் ஏற்றிய கேரவனின் எடை காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கார் 1,100 கிலோ என்றால் 935 கிலோ வரை. அதோடு கார் கையேட்டில் எவ்வளவு இழுக்கலாம் என்று போட்டிருப்பதையும் பாருங்கள், இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

கேரவனைக் காரோடு மாட்டும் கொக்கி மேல் விழும் பாரத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ஏற்றிய எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பியப் பழக்கம், அமெரிக்காவில் 10 முதல் 15 என்பார்கள். எல்லாச் சாமானையும் பின்பக்கம் அடைத்தால் இந்தப் பாரம் குறைந்து, வேகமாகப் போகும்போது கேரவன் வாலை ஆட்ட ஆரம்பிக்கும். எங்களுக்கு ஒரு தடவை ஆடியது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், மெதுவாக அடங்கியது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கைப்பிடியை விட ரொம்ப நேரமாயிற்று. எடை குறைவான வண்டி ஆடாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இவ்வளவு சொன்னாலும் மடக்கு கேரவனைக் கைவிட எனக்கு மனசில்லை. மடித்தால் காரின் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரியும், முழு உயரக் கேரவன் போலக் காற்றை முட்டிக்கொண்டு போகாது, வீட்டில் நிறுத்தவும் இடம் கிடைக்கும். பிரான்சின் ராப்பிடோ நிறுவனம் 1961-லேயே மடக்கு கேரவன் செய்யத் தொடங்கிவிட்டது, இது நேற்று வந்த யோசனை இல்லை. துணிச்சுவர் உள்ளவை எடை குறைவு, உள்ளே இடமும் கூடுதல். ஆனால் ஈரத்தோடு மடித்தால் ஊர் திரும்பியதும் விரித்துக் காயவைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். கெட்டிச்சுவர் உள்ளவற்றில் அந்தத் தொல்லை இல்லை. அதில் முக்கோணக் கூரை வகை சட்டென்று எழும்பும், நிமிர்ந்து நிற்க நடுவில் மட்டும்தான் முடியும், காற்று அடிக்கும் நாளில் கூரைப் பலகையைத் தூக்கும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பெட்டி வகையில் எல்லா இடத்திலும் நிற்கலாம், சுவர்களை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

எதை வாங்கினாலும், விற்பவர் திறந்து காட்டுவதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எங்களுக்கு விற்றவர் இரண்டே நிமிடத்தில் திறந்துவிட்டார், தினமும் அதைச் செய்பவர். முதல் இரவு மழையில் நாங்கள் திறந்தபோது கூரை பாதியில் நின்றுவிட்டது, ஒரு பக்க ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. மனைவி உள்ளே நின்று தோளைக் கொடுத்துத் தாங்க, நான் வெளியே நனைந்துகொண்டே சுவரைத் தூக்கி நிறுத்தினேன். அதனால் நீங்களே திறந்து, நீங்களே மூடுங்கள், இரண்டு தடவை. யாரோடு பயணம் போவீர்களோ அவரும் தனியாக ஒரு தடவை செய்து பார்க்கட்டும்.

பழைய வண்டி என்றால் மடிப்புகளில் உள்ள ரப்பரை விரலால் அழுத்திப் பாருங்கள், வெடிப்பு விட்டிருந்தால் தண்ணீர் உள்ளே வரும். மூலைகளில் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும், பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே பிளைவுட் உளுத்துவிட்டது என்று அர்த்தம். மெத்தையைப் புரட்டிப் போட்டு அடியில் பழுப்பு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள், எங்களுடையதில் இருந்தது, நாங்கள் புரட்டவில்லை. டயரில் நல்ல பட்டன் இருந்தாலும் பக்கத்தில் அச்சடித்திருக்கும் தயாரிப்பு வாரத்தையும் வருடத்தையும் படியுங்கள், நின்றே இருக்கும் வண்டியின் டயர் ஓடாமலே கிழடாகிவிடும்.

அடுத்த முறை இப்படி ஓர் அட்டவணை போட்டால், காலி எடைக்குப் பக்கத்தில் அனுமதித்த மொத்த எடை, கொக்கியின் பார வரம்பு, பிரேக் உண்டா இல்லையா என்ற மூன்றையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்