அம்மா, நான் பசியோடு இருந்ததில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

போன ஞாயிறு போனில், பேத்தி சாப்பிட அடம்பிடிக்கிறாள் என்று நான் சொல்லப்போக, "உன்னைத்தான் அந்த வயதில் நான் ஒழுங்காகச் சாப்பிட வைக்கவில்லை" என்று சொல்லிவிட்டு நீங்கள் சட்டென்று வேறு கதைக்குப் போய்விட்டீர்கள். இத்தனை வருடமாக இதை மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. போனில் பதில் சொன்னால் குறுக்கே பேசி முடித்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

இத்தாலியில், பலெர்மோவில், பல்லரோ சந்தைக்குப் பின்னால் அந்த மூன்றாம் மாடியில் இருந்தபோது, நீங்கள் மூன்று வீடு துடைத்துவிட்டு வர இரவு எட்டு மணியாகும். அப்பா அதற்குள் உணவகத்துக்குப் பாத்திரம் கழுவப் போயிருப்பார். மதியம் பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து நீங்கள் வரும்வரை நான் கீழ்வீட்டு நொன்னாவிடம், நான் பாட்டி என்று கூப்பிட்ட அந்த இத்தாலிய அம்மாவிடம். இரவு நீங்கள் சோறு குழைத்துத் தந்தால் நாலு வாய் வாங்கிவிட்டுத் தூங்கிவிடுவேன். பிள்ளை பட்டினி கிடந்து பசி செத்துப்போயிற்று என்று நினைத்தீர்கள் போல. இல்லை அம்மா, வயிறு நிறைந்துதான் படி ஏறி வந்தேன்.

இத்தாலியச் சாப்பாடு என்றால் இங்கே எல்லோரும் பீட்சாவைச் சொல்கிறார்கள். நொன்னா வீட்டில் நான் பீட்சா சாப்பிட்டதாக நினைவே இல்லை. காய்ச்சல் என்றால் பாஸ்தீனா. அரிசியை விடச் சின்ன நட்சத்திரங்களாக இருக்கும் பாஸ்தா, கோழி அவித்த தண்ணீரில் வெந்து கஞ்சி மாதிரி வரும். இறக்கும் நேரத்தில் வெள்ளித்தாளில் சுற்றிய ஒரு முக்கோணச் சீஸைப் போட்டுக் கரைப்பார், சில நாள் முட்டையை அடித்து ஊற்றுவார். வயிறு சரியில்லாவிட்டால் வெறும் சோறு, மேலே ஒலிவ் எண்ணெய், கொஞ்சம் பார்மிஜானோ சீஸ். அதற்கு "வெள்ளையாகச் சாப்பிடுவது" என்று பெயர். நீங்கள் வயிற்றுக்கோளாறுக்குக் கஞ்சி வைப்பீர்களே, அதேதான்.

ஆனால் எனக்கு உயிர் தெனெரூமி. சந்தையில் ஒரு பிள்ளையின் உயரத்துக்கு வெளிர்பச்சையாக நீண்டு கிடக்குமே ஒரு காய், "பாம்பு மாதிரி இருக்கிறது" என்று நீங்கள் கையால் கூடத் தொடமாட்டீர்கள். அது நம்முடைய சுரைக்காய்தான், அம்மா! குகூட்ஸா என்பார்கள். காயை விட அதன் கொடி நுனிக்கும் இளம் இலைக்கும்தான் அங்கே மதிப்பு, அதுதான் தெனெரூமி. கோடை வந்தால் கட்டுக் கட்டாகக் கிடக்கும். நொன்னா அதை நறுக்கி அவிப்பார். எனக்குக் கொடுத்த வேலை, ஸ்பகெத்தியைத் துணியில் சுற்றி மேசை விளிம்பில் வைத்து நொறுக்குவது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இலை வெந்த அதே தண்ணீரிலேயே நொறுக்கியதைப் போட்டு, பக்கத்தில் பூண்டும் தக்காளியும் எண்ணெயில் வதக்கி ஊற்றி, கச்சோகவல்லோ சீஸைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுவார். ஆகஸ்ட் வெயிலில் சுடச்சுடச் சாப்பிட முடியாது, அதனால் ஆறவிட்டு, ஜன்னல் கதவைப் பாதி சாத்திவைத்து, பேசாமல் இருவரும் சாப்பிடுவோம். மிச்சம் இருந்தால் இரண்டாம் தட்டு எனக்கு.

டிசம்பர் 13, சாந்த லூச்சியா என்ற புனிதையின் நாளில் பலெர்மோக்காரர் பாணும் தொடமாட்டார்கள், பாஸ்தாவும் தொடமாட்டார்கள். 1646இல் பெரும் பஞ்சம் வந்தபோது துறைமுகத்துக்குக் கோதுமைக் கப்பல் ஒன்று வந்ததாம், மாவாக்கப் பொறுமை இல்லாமல் அப்படியே அவித்துச் சாப்பிட்டார்களாம். அந்த நினைவுக்காகக் கோதுமையை முழுசாக அவித்து ரிக்கொத்தா என்ற மென்மையான சீஸும் சீனியும் கலப்பார்கள், குச்சீயா என்று பெயர். கூடவே சோற்றை உருட்டிப் பொரித்த அரஞ்சினே. ஊரே சோறு சாப்பிடும் நாள் என்று எனக்கு ஒரே புளுகம்.

இனி உங்களுக்குத் தெரியாத ஒன்று. முதல் நாள் என்னை விடும்போது, இத்தாலியன் வராமல், தலையில் இரண்டு விரலைக் கொம்பாக வைத்து "நோ, நோ" என்று காட்டினீர்களே, மாட்டிறைச்சி வேண்டாம் என்று. நீங்கள் வேலைக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே அனெல்லெத்தி நடக்கும். வளையம் வளையமான பாஸ்தா, இறைச்சிக் குழம்பில் பிரட்டி அடுப்பில் வேகவைப்பது, மகன்மார் எல்லோரும் வந்துவிடுவார்கள். பெரிய தட்டுக்குப் பக்கத்தில் கைப்பிடி உடைந்த சின்ன அலுமினியத் தட்டு ஒன்றும் அடுப்புக்குள் போகும், அதில் தக்காளிக் குழம்பு, பட்டாணி, பொரித்த கத்தரிக்காய் மட்டும். சின்னப் பிள்ளை என்பதால் எனக்குச் சின்னத் தட்டு என்றே நினைத்திருந்தேன். பன்னிரண்டு வயதில், சமையலில் கூட நின்று உதவியபோதுதான் புரிந்தது. ஆறு வருடம், ஒரு ஞாயிறு கூடத் தவறாமல், தனிக் குழம்பு. யாரிடமும் அவர் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

நீங்கள் பதிலுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் ஒருநாள் பருப்பு ஒரு சட்டி அனுப்பினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? நொன்னா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு "மக்கு! மக்கு!" என்று கத்த, பின்னால் நின்ற உங்கள் முகம் போன போக்கு! உங்களைத் திட்டவில்லை, அம்மா. காய்ந்த ஃபாவா அவரையைக் கரையக் கரைய அவித்து, காட்டுப் பெருஞ்சீரகத் தழை போட்டு, ஒலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள், அதன் பெயர் மக்கு. உங்கள் பருப்பு அவருக்குத் தன் அம்மாவின் மக்குவாகத் தெரிந்திருக்கிறது. நீங்கள் மேலே போனதும் சட்டியைப் பாணால் துடைத்துச் சாப்பிட்டார், எனக்குத் தரவே இல்லை. அடுத்த நாள் அந்தச் சட்டி வெறுமையாகத் திரும்பவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

அண்ணா வீட்டுப் பின்வளவில் இந்த முறை சுரைக்கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது என்று சொன்னீர்கள். நுனியைக் கிள்ளி எறிந்துவிடாதீர்கள். சனிக்கிழமை ஸ்பகெத்தியோடு வருகிறேன், நொறுக்கும் வேலை பேத்திக்கு.

உங்கள் மகள்