பழைய சோலார் ஹீட்டரைச் சரிசெய்வதா, மாற்றுவதா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். புரட்டாசி முடிகிற சமயத்தில் எங்கள் கடை போன் ஓயாது. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடியில் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டவர்களுக்கு, தீபாவளி எண்ணெய்க் குளியல் நெருங்கும்போது சோலார் ஹீட்டர் ஞாபகம் வந்துவிடும். "வெந்நீர் வரலை, ஒழுகுது, பத்து வருசத்துக்கு மேல ஆச்சு, மாத்திரலாமா?" என்று கேட்பார்கள். வீட்டுக்கு வீடு பதில் மாறும் என்பதால் போனில் அரைகுறையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் முழுசாக எழுதிவிடலாம் என்று இந்த மடல். படித்த பிறகு சிலர் எங்களைக் கூப்பிடவே வேண்டியிருக்காது. அதுவும் நல்லதுதான்.

வயதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வைகைத் தண்ணீர் மட்டுமே ஏறுகிற வீடுகளில் பதினைந்து வருடம் தாண்டிய ஹீட்டர்கள் இன்னும் நன்றாக ஓடுகின்றன. உப்புப் போர் தண்ணீர் ஏறுகிற சில வீடுகளில் ஐந்தாறு வருடத்திலேயே டேங்க் ஓட்டை விழுந்துவிடுகிறது. பார்க்க வேண்டியது டேங்கைத்தான். கண்ணாடி டியூப், ரப்பர் ரிங், வால்வு, வெயில் இல்லாத நாளில் கரண்டில் சூடாக்கும் காயில், தெர்மோஸ்டாட், ஸ்டாண்ட் எல்லாம் கழற்றி மாட்டக்கூடிய சாமான்கள். டேங்க் நன்றாக இருந்தால் அநேகமாகச் சரிசெய்வதே லாபம். டேங்க் போய்விட்டால் அந்தச் செட்டில் மேற்கொண்டு பணம் போடாதீர்கள்.

டேங்க் போய்விட்டதா என்று நீங்களே பார்க்கலாம். மழை இல்லாத நாளில், காலையில் வெயில் ஏறுவதற்குள் மாடிக்குப் போங்கள். டியூப் டேங்குக்குள் நுழைகிற இடத்தில் சொட்டினால் ரப்பர் ரிங் காய்ந்து இறுகிவிட்டது என்று அர்த்தம். சின்ன வேலை. குழாய் மூட்டில் சொட்டினால் பிளம்பர் வேலை. டேங்கின் வெளித்தகட்டு இணைப்பிலோ, பக்க மூடியின் ஓரத்திலோ, அடியிலோ ஊறி ஊறிச் சொட்டினால்தான் விஷயம் பெரிது. உள் டேங்குக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவில் பஃப் என்கிற மஞ்சள் நுரை அடைத்திருக்கும். ராத்திரி முழுக்கச் சூட்டைக் காப்பது அதுதான். உள் டேங்க் ஓட்டையானால் தண்ணீர் முதலில் இந்த நுரையில் ஊறி, பிறகுதான் வெளியே தெரியும். அதாவது உங்கள் கண்ணில் படும்போது நோய் பழையது.

"வெல்டிங் வெச்சுக் குடுங்க, ரெண்டு வருசம் ஓட்டிக்கிறேன்" என்று கேட்பவர்கள் உண்டு. நாங்கள் அந்த வேலையை எடுப்பதில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்கில் ஊசித் துளை விழுவது பெரும்பாலும் பழைய வெல்டிங் ஓரத்தில்தான். அங்கே மறுபடி சூடு காட்டினால் பக்கத்துத் தகடும் பலவீனமாகும். இன்றைக்கு அடைத்த துளைக்கு ஒரு விரல் தள்ளி அடுத்த துளை வரும். வெட்டி எடுத்த நுரையைப் பழையபடி நிரப்பவும் முடியாது. வெல்டிங் வைத்துக் கொடுக்க ஆள் கிடைப்பார். அது உங்கள் விருப்பம்.

சரி, ஒழுகல் எதுவும் இல்லை, ஆனால் வெந்நீர் வரவில்லை என்றால்? இதில்தான் அதிகம் பேர் வீணாகப் புது ஹீட்டர் வாங்குகிறார்கள். முதலில் குளியலறைக்குள் பாருங்கள். மிக்சர் குழாயில் வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டு பக்கமும் திறந்தே கிடக்கும். ஹேண்ட் ஷவர் நுனியில் மட்டும் மூடியிருப்பார்கள். அப்போது பச்சைத் தண்ணீர் மிக்சருக்குள்ளேயே கடந்து வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்துவிடும். வீட்டில் எந்தக் குழாயைத் திறந்தாலும் வெதுவெதுப்பாகத்தான் வரும். ஹீட்டர் மேலே கொதித்துக்கொண்டிருக்கும். பழி மட்டும் அதன் மேல் விழும். எல்லா மிக்சரையும் இரண்டு பக்கமும் இறுக மூடிவிட்டு, டேங்கின் வெந்நீர்க் குழாய்க்குப் பக்கத்தில் உள்ள குழாயில் தண்ணீர் பிடித்துப் பாருங்கள். அங்கே சூடாக வந்தால் கோளாறு ஹீட்டரில் இல்லை. தண்ணீரைத் திரும்பி ஓடவிடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வோடு முடிகிற காரியமாக இருக்கலாம்.

அடுத்தது நிழல். பத்து வருடத்துக்கு முன்னால் மாட்டியபோது தெற்கே காலி மனை. இப்போது அங்கே இரண்டு மாடி வீடு, அதன் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி. மதுரையில் மார்கழி மாதம் உச்சி வேளையிலும் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 57 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஹீட்டருக்குத் தெற்கே 10 அடி உயரச் சுவர் இருந்தால் நண்பகலிலேயே ஆறரை அடி தூரத்துக்கு நிழல் விழும். காலையிலும் சாயங்காலமும் இன்னும் நீளம். கோடையில் நன்றாக ஓடி, மார்கழியில் மட்டும் காலை வாரும் ஹீட்டர்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம். அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதுசு வைத்தாலும் நிழல் நகராது. ஹீட்டரை நகர்த்துங்கள்.

டியூப் ஹீட்டர் என்றால் ஒவ்வொரு டியூபின் அடி நுனியையும் பாருங்கள். வெள்ளி போலப் பளபளத்தால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது. அந்த டியூப் இனி சூடாக்காது. மாற்ற வேண்டியது அந்த டியூப் மட்டுமே. "நாலு போயிருச்சு, செட்டையே மாத்திருங்க" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அழகர்கோவில் பக்கம் உள்ள வீடுகளில் குரங்கு உடைத்துவிட்டுப் போவது தனிக் கதை. அதற்கு மேலே கம்பி வலை போடுவதைத் தவிர எங்களிடம் வேறு மருந்து இல்லை.

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேல்நிலைத் தொட்டி காலியாகி ஹீட்டரும் வறண்டுவிட்டால், பகலில் மோட்டார் போட்டு நிரப்பாதீர்கள். வெறும் டியூப் வெயிலில் 200 டிகிரி வரை சூடேறி நிற்கும். அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். ராத்திரியோ விடியற்காலையோ நிரப்புங்கள்.

சாயங்காலம் நல்ல சூடு, காலையில் ஆறிப்போகிறது என்றால் டேங்கின் நுரையைச் சந்தேகப்பட வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு ஒரு தெர்மாமீட்டரில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி யாரும் வெந்நீர் எடுக்காமல், விடிந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். ஐந்தாறு டிகிரி இறங்குவது சகஜம். பதினைந்து இருபது இறங்கினால் நுரை நனைந்திருக்கலாம், அல்லது குழாய் வழியாக வெந்நீர் திரும்பி ஓடலாம். இரண்டாவது என்றால் வால்வு மாற்றினால் போதும்.

இனி நம் ஊர்த் தண்ணீர். போர் தண்ணீரில் கெடுதல் இரண்டு வகையில் வருகிறது. கால்சியமும் மக்னீசியமும் சூடானதும் வெள்ளைச் சுண்ணாம்பாகப் படியும். டியூப் என்றால் அடியில் சேரும், கழற்றிக் கழுவிவிடலாம். டியூபுக்குப் பதிலாகத் தட்டை பேனல் வைத்த ஹீட்டர் என்றால் உள்ளே ஓடும் மெல்லிய செம்புக் குழாய்கள் அடைபடும். கொஞ்சம் அடைத்திருந்தால் ஆசிட் வாஷ் செய்து திறக்கலாம். முழுசாக அடைத்த குழாய்க்குள் ஆசிட்டே போகாது. அடிக்கடி ஆசிட் விட்டால் செம்பும் அரித்துப்போகும். அந்த நிலையில் டேங்க் நன்றாக இருந்தால் பேனலை மட்டும் மாற்றலாம்.

இரண்டாவது கெடுதல் குளோரைடு, அதாவது நாக்கில் கரிக்கிற உப்பு. சாதாரண 304 ரக ஸ்டீலில் ஊசித் துளை போடுவது இதுதான். தண்ணீர் சூடாக இருந்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 1000 வரை. அது குடிப்பதற்கான அளவு. அந்த 1000-ஐ ஹீட்டர் டேங்க் தாங்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

இங்கே பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. சாஃப்டனர் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். சாஃப்டனர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடும், அவ்வளவுதான். படிவு நிற்கும், குளோரைடு அப்படியே இருக்கும், துளையும் விழும். டிடிஎஸ் மீட்டரும் மொத்த உப்பைத்தான் காட்டும். அதில் எது எவ்வளவு என்று சொல்லாது. ஒரு பாட்டில் தண்ணீரைத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, கடினத்தன்மை, குளோரைடு இரண்டும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். புது ஹீட்டர் வாங்குமுன் செய்ய வேண்டிய முதல் செலவு அதுதான் என்போம்.

மாநகராட்சித் தண்ணீரும் போர் தண்ணீரும் இரண்டும் இருக்கிற வீடுகளுக்கு எளிய வழி இருக்கிறது. மாடியில் ஒரு சின்னத் தொட்டி தனியாக வைத்து, அதில் மாநகராட்சித் தண்ணீரை மட்டும் ஏற்றி, ஹீட்டருக்கு மட்டும் இணைப்புக் கொடுங்கள். குளிக்கிற வெந்நீர் எவ்வளவு ஆகிவிடப் போகிறது? திருமங்கலம், மேலூர் பக்கம் போர் தண்ணீரை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு வேறு யோசனை வேண்டும். பேனலுக்குள் நல்ல தண்ணீரே சுற்றிச் சுற்றி வர, டேங்குக்குள் இருக்கும் உப்புத் தண்ணீரை அது வெளியிலிருந்து சூடாக்குகிற மாதிரி ஒரு வகை இருக்கிறது. அதில் பேனல் அடைக்காது, விலை கூடுதல். அல்லது 316 ரக ஸ்டீல், எனாமல் பூசிய டேங்க் பார்க்கலாம். எனாமல் டேங்கில் மக்னீசியம் ராடு ஒன்று இருக்கும். டேங்குக்குப் பதிலாகத் தான் அரிபடுவதுதான் அதன் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பார்த்து, கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். நாங்கள் சொல்லாமல் யாரும் பார்ப்பதில்லை, சொன்னாலும் பாதிப் பேர் பார்ப்பதில்லை.

ஷவர் வேகமாக வர வேண்டுமென்று பிரஷர் பம்பு மாட்டிய பிறகு ரிங் ரிங்காக ஒழுகுகிறதா? சாதாரண டியூப் ஹீட்டர் அந்த அழுத்தத்துக்குச் செய்ததே அல்ல. ஹீட்டரைப் பம்பு லைனிலிருந்து பிரித்துவிட்டால் ஒழுகல் நின்றுவிடும்.

வெந்நீர்க் குழாயைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது என்றால் அன்றைக்கே ஹீட்டருக்குக் கரண்ட் போகிற எம்சிபி சுவிட்சை இறக்கிவிடுங்கள். காயில் உடைந்திருக்கும், எர்த்தும் சரியில்லை. காயிலையும் எர்த்தையும் சரிசெய்து, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியும் போட்ட பிறகே மறுபடி கரண்ட் கொடுக்க வேண்டும்.

மாற்றுவது என்று முடிவானால், எத்தனை லிட்டர் என்பதை முதலில் யோசியுங்கள். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்க, வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். பழையது 200 லிட்டர் என்பதற்காகப் புதிதும் 200 வேண்டாம். சில வீடுகளுக்கு சோலாரே வேண்டாம், ஒரு கீசர் போதும் என்று நாங்களே சொல்வதுண்டு. 25 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 55-க்குச் சூடாக்க சுமார் 0.8 யூனிட் பிடிக்கும். இரண்டு பேருக்கு நாளுக்கு ஒன்றரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 90 யூனிட் என்று வையுங்கள். அது உங்கள் மின் கட்டணத்தை அடுத்த ஸ்லாபுக்குத் தள்ளுமா என்று பில்லை எடுத்துப் பாருங்கள். கூட்டுக் குடும்பம் என்றால் கணக்கு தலைகீழ்: சோலார்தான்.

மானியம் உண்டா என்பது அடுத்த கேள்வி. 2024-இல் வந்த பி.எம். சூரிய கர் திட்டத்தின் 78,000 ரூபாய் வரையிலான மானியம் கரண்ட் தயாரிக்கிற சோலாருக்கு. வெந்நீர் சோலாருக்கு அது கிடையாது. கிடைக்கும் என்று சொல்லி முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தட்டை பேனலுக்குள் இருப்பது செம்பு. எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் என்று ஏதோ ஒரு தொகையைக் கழித்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பழைய செம்பு கிலோ என்ன விலை என்று இரும்புக் கடையில் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு பேசுங்கள். எங்களிடமும் அப்படியே பேசுங்கள்.

நீச்சல் குள ஹீட்டர் வைத்திருக்கும் கொடைக்கானல் விடுதிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. காற்றிலிருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீரில் ஏற்றுகிற ஹீட் பம்பில் ஃபேன் மோட்டார், கெபாசிட்டர், போர்டு போனால் தயங்காமல் சரிசெய்யுங்கள். உள்ளே தண்ணீரும் கேஸும் சந்திக்கிற எக்ஸ்சேஞ்சர் ஓட்டையாகி, தண்ணீர் கம்ப்ரஸருக்குள் போயிருந்தால் மாற்றுவதுதான் வழி. பழைய ஆர்-22 கேஸ் மெஷின் என்றால் அந்த கேஸே படிப்படியாக நிறுத்தப்பட்டு வருகிறது. பெரிய செலவு வேண்டாம். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 60,000 லிட்டர் தண்ணீர். அதை ஒரு டிகிரி ஏற்ற 70 யூனிட் அளவுக்குச் சூடு வேண்டும். நல்ல ஹீட் பம்பு அதை மூன்றில், நான்கில் ஒரு பங்கு கரண்டில் செய்யும். ராத்திரி குளத்தை மூடாமல் விட்டால் ஏற்றிய சூடு ஆவியாகப் போய்விடும். புது மெஷினுக்கு விலை கேட்குமுன் குளத்துக்கு ஒரு கவர் வாங்குங்கள்.

கடைக்குப் போன் செய்யுமுன் மூன்று படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி வேலை முடிந்துவிடும்: டேங்கின் அடிப்பக்கம், டியூப் நுனிகள் வரிசையாக, டேங்கில் ஒட்டியிருக்கும் லேபிள். எந்தத் தண்ணீர் ஏறுகிறது என்பதையும் எழுதுங்கள். சரிசெய்யும் செலவு புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நாங்களே மாற்றச் சொல்லிவிடுவோம். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒழுகல் வேலைகளை மட்டும் பார்க்கிறோம். ஆசிட் வாஷ், புது ஹீட்டர் மாட்டுவதெல்லாம் பண்டிகை முடிந்த பிறகுதான். மாடிக் கதவின் சாவியை எடுத்து வைத்திருங்கள்.

இப்படிக்கு,
சோலார் ஹீட்டர் விற்பனை, சர்வீஸ் கடையார்,
மதுரை